விசாரணைக்கு வந்தவருக்குப் போட்ட நாற்காலி

என் வீட்டில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. ஒரு கால் லேசாக வளைந்தது. அதைப் பார்த்தாலே என் ஓரகத்தி ஞாபகம்தான். என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். செய்யூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். புருஷன் போன பிறகு கடலைக்கொல்லையிலும் சவுக்குத் தோப்பிலும் கூலி வேலை செய்தே காலம் தள்ளினாள். பிள்ளை கிடையாது. முழங்கால் வீங்கிக் குனிய முடியாமல் போனபோதுதான் முதியோர் பணத்துக்கு மனு கொடுத்தாள்.

விசாரிக்க ஆபீசர் வருகிறார் என்று தலையாரி முந்தின நாளே சொல்லிவிட்டார். அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. சாணம் போட்டு மெழுகினாள். கூரை ஒழுகுகிற இடத்துக்குக் கீழே புடவையைக் கட்டி மறைத்தாள். இலவசமாக வந்த மிக்ஸியை, அதுவரை அட்டைப்பெட்டியை விட்டே எடுக்காததை, துடைத்து முன்னால் வைத்தாள். "கவர்மெண்ட்டு குடுத்ததைப் பத்திரமா வச்சிகினு கீறேன்னு அவருக்குத் தெரிய வேணாமா?" என்றாள். அப்புறம் என் நாற்காலியைக் கேட்டாள்.

"எதுக்குக்கா?"

"இன்னாடி கேள்வி இது? வூட்டுக்கு வர்றவரைத் தரையிலயா குந்த வைப்பே?"

நான்தான் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன்.

அவர் வந்தார், உட்கார்ந்தார், நான் வாங்கி வந்த கலரைக் குடித்தார். சுற்றிலும் பார்த்தார். "சாப்பாட்டுக்கு என்னம்மா பண்றே?" என்று கேட்டார். "கொறையில்லாம போவுதுங்க ஐயா" என்றாள் அக்கா. வீட்டுக்கு வந்தவரிடம் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அன்று காலை அவள் குடித்த கஞ்சி என் வீட்டுக் கஞ்சி. அதைச் சொல்ல நான் ஒருத்தி இருந்தேன். கூச்சப்பட்டுக் கதவோரமே நின்றுவிட்டேன்.

வசதி உள்ளவர் என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். அக்கா சிரித்தாள். "மிக்ஸிய அவனே குடுத்தான். அதைப் பாத்து அவனே என்னைப் பணக்காரின்னுட்டான். ஓட்டு கேக்க வரும்போது மட்டும் ஏழைத் தாயேன்றான்." வீங்கின காலோடு மறுபடி கடலை பிடுங்கப் போனாள். அந்த வருஷ மழைக்கு முன்னாலேயே கொல்லையில் விழுந்தவள்தான், எழுந்திருக்கவில்லை.

அஞ்சாவது வரை படித்தவள் நான், சட்டம் தெரியாது. இல்லாதவள் மானத்தையும் அவிழ்த்துக் காட்டினால்தான் நம்புவார்கள் என்பது மட்டும் அன்றைக்குத் தெரிந்தது.

போன வருஷம் முதியோர் பணத்துக்கு நான் கொடுத்த மனுவுக்கு விசாரணை வந்தது. வீட்டைப் பெருக்கவில்லை. கிழிந்த புடவை கட்டினேன். நாற்காலியைக் கொல்லைப்புறம் போட்டுக் கோணியால் மூடினேன். வந்த அம்மா நின்றபடியே எழுதிக்கொண்டார்கள். வெயிலில் அவர்களுக்கு முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. குடிக்கத் தண்ணி வேணுமா என்றுகூட நான் கேட்கவில்லை.

எனக்கு மாசாமாசம் பணம் வருகிறது. நாற்காலியும் மறுபடி உள்ளே வந்துவிட்டது. அதில் உட்காரத்தான் மனசு வரவில்லை.