சடங்குப் படத்தில் அப்பா

எனக்கு முகம் நன்றாக வரும். இதை நானாகச் சொல்லவில்லை, எங்கள் சித்திர ரீச்சர் சொன்னார். பூனைப் படம் கீறிவிட்டு எலியா என்று கேட்க வைக்கிற பிள்ளைகள் நடுவே, ஐந்தாம் வகுப்பிலேயே நான் ஆளை அடையாளம் தெரியக் கீறுவேன். அதனால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒருநாள் ரீச்சர் கொழும்பில் வாங்கிய படப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் பியூப்ளோ என்றொரு மக்கள். நூறு வருடத்துக்கு முந்தி அவர்களில் சிலர் தங்கள் சடங்கு ஆட்டங்களைத் தாங்களே நீர்வர்ணத்தில் வரைந்திருந்தார்கள். ஆணும் பெண்ணும் வரிசையாக ஆடுகிறார்கள், கையில் பச்சைக் கிளை. எங்கள் அம்மன் கோயிலில் வேப்பிலையோடு ஆடுவது போலவே இருந்தது. உடுப்பின் கரை வரைக்கும் அத்தனை நுணுக்கம். ஆனால் நிலம் இல்லை, வானம் இல்லை, வெறும் தாள். முகங்களும் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. பாவம், இவர்களுக்கு முகம் வராது போல என்று எண்ணிக்கொண்டேன்.

“உங்கட கோயில் ஆட்டத்தையும் இப்பிடிக் கீறிப் பாருங்க,” என்றார் ரீச்சர்.

எனக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. என் அப்பா வருடம் முழுதும் வாவியில் வலை வீசுகிறவர். வைகாசிச் சடங்கில் அம்மன் அவரில் வந்து ஆடுவாள். அந்த நேரம் அவரை அப்பா என்று கூப்பிடக் கூடாது. அம்மாவே அவர் காலில் விழுந்து வாக்குக் கேட்பார். கோயிலுக்குள் கமரா கூடாது. அந்தக் கோலத்தில் அப்பாவை ஊரே பார்த்திருந்தது, அப்பாவைத் தவிர.

சிவப்புப் பட்டு, சலங்கை, மஞ்சள் பூசிய மார்பு, வேப்பிலைக் கொத்து என்று எல்லாம் கீறிக்கொண்டு போய்க் காட்டினேன். அப்பா வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

“இது ஆரு புள்ள?”

“நீங்கதானப்பா.”

படத்தைத் திருப்பித் தந்தார். “அந்த நேரம் நான் அங்க இல்லியே,” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முகம் சரியாக வரவில்லை, அதைத்தான் அப்பா என் மனம் நோகாமல் சொல்கிறார் என்று விளங்கிக்கொண்டேன். விடுவேனா? அவர் சாப்பிடும்போது எதிரில் இருந்து பார்த்தேன். மத்தியானம் கண் அயரும்போது பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். கெளிற்று மீனின் முள் குத்திய தழும்பை இடது புருவத்தில் வைத்தேன். ஆடும்போது மேலே செருகும் கண்ணையும் ஒரு பக்கம் கோணும் வாயையும் நினைவிலிருந்து சேர்த்தேன். மறுபடி காட்டினேன்.

இம்முறை அப்பா வெகுநேரம் பார்த்தார். “ஓம். நான்தான்,” என்றார். நான் துள்ளிக் குதித்தேன்.

பாடசாலையில் அந்தப் படத்துக்குத்தான் முதலிடம். அம்மாவுக்கு அதைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைக்கவும் துணிவில்லை, எறியவும் துணிவில்லை; அலுமாரிக்கு மேலே கவிழ்த்து வைத்தார்.

வைகாசி நெருங்கியபோது, குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அப்பா சொல்வது கேட்டது. “கண்ண மூடினா அந்த முகம்தான் வந்து நிக்குது. என்னையே பாத்துக்கிட்டு நான் எப்பிடி ஆடுற?”

“அம்மாள் கைவிடமாட்டா. சும்மா இரிங்க,” என்றார் அம்மா.

என் படம் அப்பாவின் மனதை விட்டுப் போகவில்லை என்பதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சடங்கன்று மாலை உடுக்கு அடித்தார்கள், காவியம் பாடினார்கள். பூசை செய்யும் கட்டாடியார் வேப்பிலையை அப்பாவின் கையில் கொடுத்தார். பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஆடத் தொடங்கினார்கள். அப்பா நின்றபடியே நின்றார். கண்ணை மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார். பிறகு வேப்பிலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் வந்து என் பக்கத்தில் நின்றார். சனம் எங்களையே பார்த்தது. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்கோ சந்தோசம். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் சடங்கில் அப்பா கூட நிற்பார், எனக்கு ஒருநாளும் நின்றதில்லை. இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உடுக்கு வேகம் எடுக்க எடுக்க அந்தப் பிடி இறுகியது. என் விரல்கள் நொந்தன. இந்தச் சனத்துக்குள் நான் தொலைந்துபோவேன் என்றுதான் அப்பா பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

“பயப்படாதீங்கப்பா, நான் இஞ்சதான் நிக்கிறன்,” என்று அவருக்குத் தைரியம் சொன்னேன்.