சாஸ்தாவின் முழங்கால் பட்டை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் தென்காசிப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் மாஸ்டர். சென்னையில் ஓவியம் படித்துப் பாஸ் செய்தவன் என்ற கர்வம் நிறையவே இருந்தது. வடகரையில் புது வீடு கட்டிய ஒரு பண்ணையார், பூஜை அறைச் சுவரில் தங்கள் குலதெய்வமான சாஸ்தாவை வரைந்து தரும்படி கேட்டார்.

அவர்களுடைய சாஸ்தா கோயில் குற்றாலத்து மலையடிவாரத்தில் ஒரு தோப்புக்குள் இருந்தது. போய்ப் பார்த்தேன். கழுத்திலிருந்து பாதம் வரை பட்டும் மாலையும், முகத்தில் சந்தனக் காப்பு. துணியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டும்படி பூசாரியிடம் கேட்டேன், முடியாது என்றுவிட்டார். திரும்பும் வழியில் சித்திர சபைக்குப் போய்ச் சுவரோவியங்களில் இருந்த கிரீடத்தையும் நகைகளையும் குறித்துக்கொண்டேன். உட்காரும் விதத்துக்குப் பள்ளிக்கூடப் பியூனை ஸ்டூலில் உட்காரவைத்து வரைந்தேன்.

படம் முடிந்ததும் பண்ணையார் வந்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு வாத்தியாரே. ஆனா இது அவரு இல்ல."

"எது சரியில்லை, அண்ணாச்சி?"

"அது சொல்லத் தெரியல. யாரோ ராசா உக்காந்திருக்காப்ல இருக்கு."

முகத்தை மாற்றினேன். நிறத்தைக் கறுப்பாக்கினேன். இரண்டு பக்கமும் தேவிமாரை வரைந்தேன், பின்னால் யானையை நிறுத்தினேன். ஞாயிறுதோறும் சாரலில் நனைந்துகொண்டு போவேன். அவர் பார்த்துவிட்டு அதையே சொல்லுவார். குறை இன்னதென்று சொல்லத் தெரியாதவருக்குக் குறை இருப்பது மட்டும் எப்படித் தெரிகிறது என்று எரிச்சலாக இருந்தது. முதலில் வரைந்த முகம்தான் எனக்குப் பிடித்தது. அது நாலு பூச்சுக்கு அடியில் போய்விட்டது.

ஐந்தாவது ஞாயிறு, விளக்கு எடுக்க உள்ளே வந்த மனைவியைப் பண்ணையார் நிறுத்தினார். "ஏளா, நீதான் பாத்துச் சொல்லேன்."

அந்த அம்மாள் முகத்தைப் பார்க்கவே இல்லை. "முட்டுல பட்டை எங்க? இடுப்பையும் காலையும் சேத்துக் கட்டியிருக்குமே. அபிசேகத்துக்குத் துணி களையும்போது நீங்க பாக்கலியா?" என்றார் கணவரிடம்.

"அதான். அதேதான்" என்றார் பண்ணையார்.

பியூனைப் பார்த்து வரைந்த கால் ஸ்டூலிலிருந்து கீழே தொங்கியது, அதில் எந்தப் பட்டையையும் கட்ட முடியாது. ஒரு காலை மடக்கி உயர்த்தி, இடுப்பிலிருந்து கீழே எல்லாவற்றையும் திரும்ப வரைந்தேன். பட்டையின் ஈரம் காயும் முன்பே இருவரும் கைகூப்பி நின்றார்கள்.

"அந்தப் பட்டைக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன்.

"அது இருந்தாத்தான் அவரு" என்றார் பண்ணையார்.

பூசாரியிடம் போய்க் கேட்டேன். "சாமி எந்திரிச்சுப் போயிரப்பிடாதுன்னு கட்டியிருக்கு" என்றார். எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பண்டிதரோ, "அது யோகப்பட்டம். தவத்தில் உடம்பு அசையாமல் இருக்கக் கட்டுவது" என்றார். நான் திருத்தித் திருத்தி வரைந்த அந்த ஒரு மாதமும் அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். ஏன் முன்னமே சொல்லவில்லை என்றதற்கு, "நீங்க கேக்கலையே" என்றார். சென்னையில் எலும்பும் தசையும் சொல்லிக்கொடுத்தவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கடைசி நாள் பண்ணையாரிடம், முகத்தை மட்டும் பழையபடி எழுதிவிடட்டுமா என்று கேட்டேன்.

"என்ன சொல்லுதிய? முகத்துல என்ன இருக்கு, விடுங்க" என்றார்.

தூரிகைகளைத் துடைத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அந்த முதல் முகம் போனது இன்னும் ஆறவில்லை எனக்கு.