கட்டைவிரல் எட்டும் பொத்தான்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் லாரி டிரைவர்களுக்கு கேட் பாஸ் எழுதித் தருவது என் வேலை. பதினெட்டு வருடமாக அதே ஜன்னல். இனி டிரைவர்களே போனில் பதிவு செய்துகொள்ள ஒரு செயலி வரப்போவதாக முதலாளி சொன்னார். அதைச் செய்யும் என்ஜினியர் திங்கட்கிழமை வருகிறாராம். "நீ வாயத் திறந்து பேச மாட்டே. திரை எப்படி இருக்கணும்னு வரைஞ்சாவது வைம்மா."

உண்மைதான். பத்தாவதோடு நின்றவள், நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் திரை தப்பாக வந்தால் வெயிலில் வரிசையில் நிற்கப்போவது என் டிரைவர்கள்தான்.

வரைவதற்கு மென்பொருள் தேடினேன். எல்லோரும் சொன்னதற்கு மாதாமாதம் சந்தா. முதலாளி கேட்டவுடனே வேண்டாம் என்றார். இன்னொன்று இலவசம், ஆனால் மூன்று திரைக்கு மேல் வரைய விடவில்லை. எனக்கு, கடைசியில் வரும் பாஸோடு சேர்த்து, ஐந்து வேண்டும். மூன்றாவதாகக் கிடைத்த மென்பொருளுக்கு ஒரே தடவை சின்னத் தொகை, முதல் வாரம் சும்மா பார்க்கலாம். அலங்காரம் எதுவும் கிடையாது, வெறும் கட்டமும் பொத்தானும். ஆனால் வரைந்ததைப் பழைய போனிலும் திறந்து, பொத்தானைத் தொட்டு அடுத்த திரைக்குப் போகலாம்.

ரிஜிஸ்டரில் இருக்கும் வரிசையிலேயே வரைந்தேன்: பெயர், லைசென்ஸ், வண்டி எண், கடைசியில் கன்டெய்னர் எண். சனிக்கிழமை ஒரு டிரைவரின் போனில் திறந்து கொடுத்தேன். இடது கையில் பிடித்துத் தட்டிக்கொண்டே வந்தவர் கன்டெய்னர் எண்ணில் நின்றுவிட்டார். இங்கே டிரைவர்கள் அந்த எண்ணை இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார்கள்.

"இன்னாக்கா இது? போன புட்ச்சா நம்பரு தெரில, நம்பர பாத்தா போன புடிக்க முடில. மூணாவது கை யாரு குடுப்பா?"

"சீக்கிரம் அமுக்கு மாமு, வேர்வைல நம்பரு அழிஞ்சிடப் போவுது" என்றார் பின்னால் நின்றவர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அத்தனை வருடமும் அந்த உள்ளங்கைகளைப் பார்த்து எழுதியவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாற்றி வரைந்தேன். வேர்வையில் அழிவதற்குள் அடிக்கும்படி கன்டெய்னர் எண் முதல் திரைக்கு வந்தது. போனை வலது கையிலேயே பிடித்து அடிக்க, பொத்தான்களைப் பெரிதாக்கி, கட்டைவிரல் எட்டும்படி கீழே இறக்கினேன்.

திங்கட்கிழமை என்ஜினியர் புதியதைப் பார்த்துவிட்டு, "பொத்தான் ஏன் இவ்ளோ பெருசு? பேரக் கேக்காம நம்பரா முதல்ல?" என்றார். முதலாளி என்னைப் பார்த்தார். பேனாவை எடுத்து, "சார், கை" என்று மட்டும் சொன்னேன். என்ஜினியரின் இடது உள்ளங்கையில் ஒரு கன்டெய்னர் எண்ணை எழுதி, அதே கையில் போனை வைத்து, முதலில் வரைந்ததைத் திறந்தேன். நாலாவது திரையில், கன்டெய்னர் எண்ணில், அவரும் நின்றார். கையைத் திருப்பினார், போன் நழுவப் பார்த்தது. பிறகு புதியதைத் திறந்து வலது கையில் கொடுத்தேன். உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே ஒரே கட்டைவிரலால் அடித்து முடித்தார்.

"இதையே செஞ்சிடறேன் மேடம்."

முதலாளி அன்றே அந்த மென்பொருளை வாங்கிக் கொடுத்தார். செயலியின் முதல் திரை இன்றும் நான் வரைந்ததுதான். ஜன்னலுக்கு வெளியே டிரைவர்கள் ஒரு கையை விரித்துப் பார்த்தபடி, மறுகையால் தட்டி முடித்துவிட்டு, கேட்டைத் தாண்டிப் போகிறார்கள். நான் உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.