கடைசி வீட்டுச் சுவர்

எண்பதுகளில் சேலத்துப் பத்திரிகை ஒன்றில் நிருபராக இருந்தேன். செய்திக்காக ஏற்காட்டுக்கு அடிக்கடி பஸ் ஏறுவேன். மாரமங்கலம் போகும் வழியில், எஸ்டேட் வேலைக்காரர்களுக்கு அரசு கட்டிக் கொடுத்த வீடுகள் ஒரே வரிசையாக இருந்தன. சுவர்கள் பிளந்துவிட்டதால் இடித்துக் கட்ட உத்தரவாகியிருந்தது. புது வரிசைக்காகப் பக்கத்திலேயே நிலத்தைச் சமன்படுத்தியிருந்தார்கள். ஒரு முனையில் ரோடு, மறுமுனையில் பள்ளம்.

புதிதாக வந்த இன்ஜினியர் சுண்ணாம்புப் பொடி மூட்டையை அங்கே இறக்கி, "உங்க வீட்டை நீங்களே கோடு போட்டுக் காட்டுங்க" என்றார்.

ஆபீஸ் வரைபடத்தில் சமையலறை பின்பக்கம் தனியாக இருந்தது. அதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் குளிரில் அடுப்பைச் சுற்றித்தான் குடும்பமே படுக்கும். ரோட்டு முனையிலிருந்து ஒவ்வொருவராகக் கோடு போட்டு, நடுவில் கல் வைத்து, சுற்றிலும் படுத்துப் பார்த்தார்கள்.

"காலை மடக்குங்க, அடுப்புக்குள்ள போகுது!" என்றாள் முதல் வீட்டுக்காரி, கணவனைப் பார்த்து.

"என்ற ஊட்டுல நான் காலை நீட்டக் கூடாதா?" என்று அவர் கோட்டை வெளியே தள்ளிப் போட்டார். அடுத்தடுத்த வீட்டுக்காரர்களும் அப்படியே செய்தார்கள்.

கடைசி வீடு ஒரு விதவையுடையது. பள்ளிக்குப் போகும் மகளும் அவளும்தான். அவள் முறை வந்தபோது, பள்ளத்துக்கு முன்னால் அரை வீட்டுக்கான இடம்தான் மீதி இருந்தது. இன்ஜினியர் மறுபடியும் டேப் பிடித்துப் பார்த்தார்.

"எல்லாரும் கொஞ்சம் உள்ளே வரணும். இல்லைன்னா ஒரு வீடு குறையும்."

யாரும் அசையவில்லை.

முதல் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "ரெண்டு பேருதானுங்களே. குப்பனூர்ப் பக்கம் கேட்டா ஒரு ஊடு குடுக்க மாட்டாங்களா?"

"நீங்களே கேட்டு வாங்கிக் குடியிருங்க" என்றாள் விதவை. "அடிவாரத்துலிருந்து நான் எப்படிங்க காலைல எஸ்டேட்டுக்கு வாறது? வேலையும் போகட்டுமா?"

பொடிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்த அரை இடத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். மகள் அவள் பின்னால் நின்றாள். இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். பள்ளத்திலிருந்து காற்று ஏறி, ஓரத்துக் கோடுகளை அள்ளிக்கொண்டு போயிற்று.

பக்கத்து வீட்டுக்காரிக்கும் விதவைக்கும் குழாயடியில் தினம் தகராறு. முகத்தில் அடித்த சுண்ணாம்பைத் துடைத்தபடி அந்தப் பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்: "ஏனுங்க சார், இவ ஊடு இல்லைன்னா கடைசி ஊடு எது?"

"உங்களோடதுதான்."

அவள் பள்ளத்தைப் பார்த்தாள். பழைய வரிசையில் காற்றும் சாரலும் கடைசி வீட்டுச் சுவரில்தான் மோதின. மழை மாதங்களில் அதன் உட்புறம்கூட ஊறிப் பாசி பிடித்திருக்கும். அதன் மறைவில் மற்ற வீடுகள் காய்ந்தே இருந்தன.

பக்கத்து வீட்டுக்காரி காலால் தன் கோட்டை அழித்து உள்ளே தள்ளிப் போட்டாள். அடுத்தவளிடம், "நீயும் அழி" என்றாள்.

"அடுப்பு நொம்ப நெருங்குதுக்கா."

"அப்ப கடைசி ஊட்டுக்கு நீ வா."

அவளும் அழித்தாள். அதே பேச்சு வரிசை முழுக்கப் போயிற்று. முதல் வீட்டுக்காரருக்கு மட்டும் பயமில்லை; காற்று அவ்வளவு தூரம் வராது. கோட்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் எல்லாரும் அவரைச் சுற்றி நின்றார்கள். கடைசியில் அவர் மனைவிதான் காலால் கோட்டைத் தேய்த்தாள்.

"நாளையும் பின்னயும் இவங்க மூஞ்சில நான்தான் முழிக்கோணும். நீங்க காலை மடக்கியே படுங்க."

இடம் கிடைத்ததும் விதவை எழுந்தாள். யாருக்கும் நன்றி சொல்லவில்லை. "இந்தப் பக்கச் சுவரு கருங்கல்லுல வேணுங்க சார். இல்லைன்னா நான் குப்பனூருக்கே போயிக்கறேன்."

இன்ஜினியர் தயங்கினார். செலவு கூடும், மேலே கேட்க வேண்டும் என்றார்.

"கேளுங்க சார்!" என்று முதலில் கத்தியவள் பக்கத்து வீட்டுக்காரி.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அவ்வழியே போனேன். வரிசையில் பள்ளத்தைப் பார்த்த சுவர் மட்டும் கருங்கல். குழாயடியில் யார் குடம் முதலில் என்று விதவையும் பக்கத்து வீட்டுக்காரியும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.