டாஃபிக்கு ஒரு மூட்டை மண்

வரதனுக்கு நாய் என்றாலே ஆகாது. முப்பத்துநாலு வருஷம் தொழிற்சாலையில் வெல்டர். நைட் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது எத்தனை தெருநாய் துரத்தியிருக்கும்! இடது கெண்டைக்காலில் இரண்டு இடத்தில் தழும்பே இருக்கிறது. ரிட்டயர்டு ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, கோலார் தங்கச் சுரங்கத்துப் பக்கம் மைசூர் மைன்ஸில், தொழிலாளிகளின் வரிசை வீடுகளில் ஒரு பழைய லைன் வீட்டை வாங்கிக்கொண்டு, தானுண்டு தன் டீவியுண்டு என்று கிடந்தார். அப்படிப்பட்ட மனுஷர் தலையில்தான் பெங்களூரிலிருந்து மகள் ஒரு நாயைக் கொண்டுவந்து கட்டினாள்.

மகள் பேர் சோனியா. ஒயிட்ஃபீல்டு பக்கம் நாலாவது மாடியில் குடித்தனம். புருஷன் பிரேம் ஐடி கம்பெனி. ஆசைப்பட்டு ஒரு பீகிள் குட்டி வாங்கி, டாஃபி என்று பேர் வைத்து, நூறு போட்டோ எடுத்து, மூன்றே மாதத்தில் இரண்டு பேருக்கும் வெறுத்துவிட்டது.

“ரெண்டே மாசம் வச்சிக்க டாடி. சோபா, கார்ப்பெட்டு, ஒண்ணு உடல. எல்லாத்து மேலயும் ஒண்ணுக்குப் போய் வைக்குது. பக்கத்து வூட்டுக்காரங்க கம்ப்ளெய்ண்ட்டு. கொஞ்சம் பழக்கிக் குடு. நீ சும்மாதானே கீறே?”

சும்மாதானே கீறே! பெற்ற அப்பனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? ஆனால் வரதனுக்குச் சுருக்கென்று எதுவும் தைக்கவில்லை. மகள் தன்னிடம் வாயைத் திறந்து ஒன்று கேட்டதே அவருக்குப் பெரிய விஷயம். சரி என்று கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டார்.

முதல் வாரம் நரகம். சமையலறையில், கட்டில் காலில், பாக்கியவதி மடித்து வைத்த புடவையில் என்று டாஃபி கைவரிசை காட்டியது. பாக்கியவதி, அதாவது வீட்டுக்காரி, துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள். “இந்தாய்யா, ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

வரதன் வெல்டர் இல்லையா? எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. மகள் போனில் அனுப்பியதை எல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்தார். தூங்கி எழுந்ததும் வெளியே, சாப்பிட்டதும் வெளியே, விளையாடி முடித்ததும் வெளியே. எப்போதும் ஒரே இடம். எப்போதும் ஒரே வார்த்தை. போனால் தட்டிக்கொடுத்து ஒரு துண்டு வேகவைத்த ஈரல். வீட்டுக்குள் போய்விட்டால் அடிக்கக் கூடாது, மூக்கைப் பிடித்துத் தேய்க்கக் கூடாது, வாயை மூடிக்கொண்டு துடைக்க வேண்டும். துடைத்தார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து வீட்டில் ஒரு தம்ளர் கழுவாத மனுஷர், குனிந்து உட்கார்ந்து வினிகர் போட்டுத் தரை துடைத்தார்.

ஒரே இடம் என்று அவர் பிடித்தது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சைனைட் மேடு. சைனைட் போட்டுத் தங்கத்தை அரித்து எடுத்துக்கொண்டு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கொட்டிக் குவித்த சாம்பல் நிற மண், மலை மலையாக நிற்கிறது. புல் முளைக்காது, யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். அதன் அடிவாரத்தில் போய் நின்று, “போடா ராஜா” என்பார். மழைக்காலத்தில் வெளியே போக முடியாதென்று அதே மண்ணை ஒரு பழைய இரும்பு டிரேயில் கொட்டிப் பின்வாசலில் வைத்தார். இருபது நாளில் டாஃபி கற்றுக்கொண்டது. அந்த மண்ணைத் தவிர வேறெங்கும் காலைத் தூக்காது. சிமெண்டில் போகாது, புல்லில் போகாது. வரதனுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில்தான் தப்பும் இருந்தது. அப்போது யாருக்குத் தெரியும்?

சாப்பாட்டு விஷயத்திலும் இதே கதைதான். மகள் கொடுத்த பாக்கெட் தீனியைத் தின்றுவிட்டு அது காற்றாய் விட்டுத் தள்ளியது. நாலு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, கேவுரு களியும் கோழி வேகவைத்த தண்ணீரும் என்று கொண்டுவந்தார். உப்பில்லை, வெங்காயமில்லை, எலும்பில்லை. களியைக் கையால் பிசைந்து ஆற வைத்து, சூடு இருக்கிறதா என்று தன் நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

“எனக்கு ஜொரம் வந்து கெடந்தப்ப ஒரு கஞ்சி காச்சிக் குடுத்தியாய்யா நீ?” என்றாள் பாக்கியவதி. வரதன் காதில் விழாத மாதிரி களியைப் பிசைந்துகொண்டிருந்தார்.

இரண்டு மாதம் நாலாயிற்று, ஆறாயிற்று. டாஃபி எப்படி இருக்கிறது என்ற விசாரிப்பு குறைந்து குறைந்து நின்றேபோனது. ஒரு நாள் வரதன் துணிந்து கேட்டார். “ஏம்மா, இத்த நானே வச்சிக்கட்டுமா?”

“பாக்கலாம் டாடி.”

பாக்கலாம் என்றால் சரி என்றா அர்த்தம்? வரதன் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். நாய் தன்னுடையது என்று மனசில் எழுதிவிட்டார். அன்றைக்கே ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போய்ச் சிவப்பில் ஒரு புதுக் கழுத்துப்பட்டை வாங்கிவந்தார். எனக்கே இதைச் சொல்லும்போது வயிறு எரிகிறது.

அப்புறம்தான் அந்த விளையாட்டு ஆரம்பித்தது. வெளிநாட்டு நாய்கள் கம்பி தாண்டி, குழாய்க்குள் நுழைந்து ஓடும் வீடியோவைப் போனில் பார்த்தார். கை சும்மா இருக்குமா? பழைய குழாயை அறுத்துத் தாண்டும் கம்பிகள் செய்தார். முதலில் கம்பியைத் தரையிலேயே போட்டு நடக்க வைத்தார். அப்புறம் ஒரு செங்கல் உயரம். குட்டிக்கு எலும்பு முற்றும்வரை அதற்கு மேல் ஏற்றவில்லை. மூன்று தார் டிரம்மின் இரண்டு பக்கத்தையும் வெட்டி, ஒன்றோடொன்று பற்றவைத்து, விளிம்பெல்லாம் அரம் போட்டு மழமழவென்று ராவினார். அவருடைய அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். பூமிக்கு அடியில் படுக்கை வாட்டில் போகிற பாதையை லெவல் என்பார்கள். வரதன் டிரம்மைக் காட்டி “லெவல்” என்றால் போதும், டாஃபி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் காதை ஆட்டிக்கொண்டு வந்துவிடும். கடைசியில் நட்டுவைத்த ஆறு கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடிவந்து அவர் காலடியில் உட்காரும். அறுபத்துமூன்று வயதில் அந்த மனுஷர் கைதட்டிக் குதித்ததை லைனே வேடிக்கை பார்த்தது.

பொங்கலுக்கு வந்த சோனியா அதைப் படம் பிடித்துப் போட்டாள். எண்பதாயிரம் பேர் பார்த்தார்களாம். அதில் வரதன் எங்கே? ஈரல் துண்டு பிடித்த ஒரு கை மட்டும் ஓரத்தில் வந்து போகிறது. அடுத்த வாரமே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

“எங்க அபார்ட்மெண்ட்ல ஞாயித்துக்கெழம பெட் மேளா டாடி, நாய்ங்களுக்குப் போட்டி. டாஃபிதான் ஸ்டாரு. இப்பதான் நல்லாப் பழகிடுச்சே, நாங்க பாத்துக்கறோம். தேங்க்ஸ்.”

வரதன் உள்ளே போனார். களிக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக் காரில் வைத்தார். கார் திரும்பும்போது பின் கண்ணாடியில் டாஃபியின் மூக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் இது நடந்தது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போன். சோனியா அழுதுகொண்டிருந்தாள். “டாடி, வந்ததுலேர்ந்து அவன் ஒண்ணுக்கே போவல. பிளாஸ்டிக் புல்லுப் பாயி, பாத்ரூமு, பார்க்கு, எங்க இட்டுகினு போனாலும் அழுவுறான், போக மாட்டேங்கறான். வயிறு கல்லு மாதிரி கீது. டாக்டரு டியூப் போட்டு எடுக்கணுங்கறாரு.”

வரதனுக்கு உடனே விளங்கிவிட்டது. மண்! அந்தப் பாவி மண் இல்லாமல் அது போகாது. சொல்ல வாயைத் திறந்தவரின் கையைப் பாக்கியவதி பிடித்தாள்.

“சும்மா இரு. ரெண்டு நாளு பாத்துட்டு அவங்களே கொண்ணாந்து இங்க உட்ருவாங்க. உனுக்கு நாயி வேணுமா, வேணாமா?”

துடைப்பம் தூக்கிய அதே பாக்கியவதிதான்! வரதன் போனை வைத்துவிட்டார். சும்மா இருந்தால் போதும், நாய் திரும்பி வந்துவிடும். ஆனால் வயிறு கல்லு மாதிரி கீது என்றாளே. சாக்கை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார். அரை மூட்டை அள்ளிக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, மாரிகுப்பம் ஸ்டேஷனில் கிளம்பத் தயாராக நின்ற பெங்களூர் ரயிலில் ஏறி, மண்ணோடு வருகிறேன் என்று மகளுக்குப் போனில் சொன்னார்.

வேலைக்குப் போகிற கூட்டம். மூட்டையைக் கதவோரம் வைத்துப் பக்கத்தில் நின்றார். மாலூர் தாண்டும்போது காலால் ஒரு உதை விட்டால் மூட்டை வெளியே போய்விடும், கைதவறி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. பொய் சொல்வானேன், இரண்டு தரம் தோன்றியது. இரண்டாம் தரம் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அபார்ட்மெண்ட் கேட்டில் வாட்ச்மேன் மஞ்சுநாத் மறித்தான். கோலார் பக்கத்துப் பையன், தமிழ் பேசுவான்.

“மூட்டையில இன்னா அங்கிள்? டெலிவரியா?”

“டெலிவரி இல்லபா. நானூத்திமூணு என் பொண்ணு வூடு.”

மஞ்சுநாத் போனைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டான். “மேடம் டெலிவரின்னுதான் போட்டுகீறாங்க. அதுக்குப் பத்து நிமிஷந்தான் டைமு. அந்தச் சின்ன லிஃப்ட்ல போங்க.”

வரதனுக்கு வந்ததே கோபம்! “யாருக்குடா டெலிவரி? நான் அவளப் பெத்த அப்பன். அத்த அடிச்சிட்டு ஃபாதர்னு எழுது. எழுதினாத்தான் போவேன்.”

பையன் மிரண்டுபோய் நோட்டில் அடித்து எழுதினான்.

மேலே கதவு திறந்ததும் டாஃபி பாய்ந்து வந்து அவர் வேட்டியைக் கடித்து இழுத்துச் சுற்றிச் சுற்றி ஓலமிட்டது. பால்கனியில் ஒரு டிரேயில் மண்ணைக் கொட்டினார். “போடா ராஜா” என்றார். அது முகர்ந்து பார்த்துவிட்டுக் காலை விரித்து நின்றது. போய்க்கொண்டே இருந்தது. முடிவதற்குள் சோனியா விசும்பி விசும்பி அழுதுவிட்டாள்.

பிரேம் ஈரத்துணியால் நாயின் பாதங்களைத் துடைத்துக்கொண்டே கேட்டான். “மாமா, சைனைட்டுன்னு சொல்றாங்களே, இது சேஃபா?”

“காத்தடிக்கிற மாசத்துல எங்க சோத்துலயே விழுது மாப்ள. யாரும் வந்து கேட்டதில்ல.”

டாஃபி அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்தது. வரதன் அதைத் தடவிக்கொண்டே கேட்டார். “இத்த நானே இட்டுகினு போயிடறேனேம்மா. அங்கதான் அதுக்கு ஓட்டம், எடம் எல்லாம்.”

சோனியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனுக்கு ஒரு நாளு சைக்கிள் புடிச்சிகீறியா டாடி? ஸ்கூல் ஃபங்ஷனுக்கு ஒருவாட்டி வந்துகீறியா? நாய்க்குன்னா மட்டும் எல்லாம் தெரியுது உனுக்கு. உட்டுடு. எனுக்கும் ஒண்ணு இருக்கட்டும்.”

ஷிப்ட் இருந்ததும்மா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஷிப்ட் இல்லாத நாளிலும் அவர் போனதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

காபி குடித்து முடிக்கும்போது பிரேம் தயங்கித் தயங்கிக் கேட்டான். “மாமா, அந்த டனலுக்கு நீங்க இன்னா சொல்லுவீங்க? நான் சொன்னா உக்காந்துக்கறான்.”

“லெவல்” என்றார் வரதன். அதையும் கொடுத்துவிட்டார். லிஃப்ட் கீழே இறங்கி முடியும்வரை டாஃபியின் ஊளை காதில் விழுந்தது.

மேளாவில் டாஃபிக்கு முதல் பரிசு. நீல ரிப்பனோடு போட்டோ வந்தது. மறுநாள் போனும் வந்தது. “நீ வந்துட்டுப் போனதுலேர்ந்து அவன் சாப்புடவே இல்ல டாடி. இன்னிக்குத்தான் வாய வச்சான். மாசம் ஒரு மூட்டை குடுத்துடு. ஆனா மேல வராத, கேட்லயே வச்சிட்டுப் போயிடு. அவன் உன்னப் பாக்க வேணாம்.”

அடுத்த மாதம் வரதன் மூட்டையைக் கேட்டில் இறக்கி வைத்து நிமிர்ந்தார். எதிரே டாஃபி வந்துகொண்டிருந்தது. நாயை நடத்திக் கூட்டிப்போவதற்கென்றே வைத்திருக்கிற ஒரு பெண் கயிற்றைப் பிடித்திருந்தாள். கழுத்தில் அந்தச் சிவப்புப் பட்டை இல்லை. வரதன் சட்டென்று ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

டாஃபி மூட்டையிடம் வந்து நின்றது. முகர்ந்தது. வாலை ஆட்டியது. மூட்டையைச் சுற்றி வந்து தலையைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடியது. அந்தப் பெண் இழுத்தாள், அது நகரவில்லை, உட்கார்ந்துவிட்டது. ஆறு கம்பியை வளைந்து முடித்து அவர் காலடியில் உட்காருமே, அதே மாதிரி. வரதன் வாயைத் துண்டால் அழுத்திக்கொண்டார். ஒரு சத்தம் போட்டால் போதும். போடவில்லை. தன்னைப் பார்த்துவிட்டால் அது மறுபடி இரண்டு நாள் பட்டினி கிடக்கும். கடைசியில் அவள் தூக்கிக்கொண்டு போனாள்.

வெளியே வந்தபோது மஞ்சுநாத் நோட்டைப் பிரித்து வைத்திருந்தான். போன தடவை வாங்கிய திட்டு நினைவிருக்கும் போல. எழுந்து நின்று மரியாதையாகவே கேட்டான்.

“அங்கிள், ஃபாதர்னு போட்டுடறேன், சரியா?”

“வேணாம்பா. டெலிவரின்னே போடு.”