முழங்காலுக்குக் கீழே

குண்டூசியைத் தன் கால் பெருவிரலில் அழுத்தி, "இல்ல" என்கிறாள் நலுமன்சி. கணுக்காலில், "இல்ல." ஆடுசதையில், "இல்ல." முழங்காலுக்கு நாலு விரல் கீழே வந்ததும் முகம் சுளிக்கிறது. "இருக்கு." துணி வெட்ட வைத்திருக்கும் நீலச் சாக்குக்கட்டியால் அங்கே ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் மிஷினின் உறையை எடுப்பாள். உகாண்டாவின் மசாக்கா சந்தையில் அவளுக்குப் பக்கத்துக் கடையில் போன்களுக்கு சார்ஜ் போட்டுக் கொடுக்கும் எனக்கு இது தினசரிக் காட்சி. கோடு மாதத்துக்கு ஒரு விரல் ஏறுகிறது.

விசேஷங்களுக்கு நாங்கள் உடுத்தும், தரைவரை இறங்கும் கோமேசி உடுப்பின் தோள்முனை கூராக நிற்க வேண்டுமென்றால் எங்கள் ஊர்ப் பெண்கள் அவளிடம்தான் வருவார்கள். அவள் வாய்க்குப் பயந்துகொண்டேதான் வருவார்கள். "இந்த இடுப்புக்கு ஆறு கெஜம் எந்த மூலைக்கு? கூடாரத் துணிதான் எடுக்கணும்" என்று முகத்துக்கு நேரே சொல்வாள்.

மூன்று வருடத்துக்கு முன் காசநோய் முதுகுத்தண்டில் இறங்கியது. ஒரு வருட மாத்திரையில் கிருமி போய்விட்டது, வலி போகவில்லை. தண்டுவடத்தைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வு அழன்று தடித்துவிட்டதாம். அரக்னாய்டிடிஸ் என்று பெயர். யாருக்கோ அபூர்வமாக வருவது இவளுக்கு வந்திருக்கிறது. "நரம்பெல்லாம் தண்ணியில நூல் மாதிரி தனித்தனியா மிதக்கணுமாம். எனக்கு யாரோ கஞ்சியை ஊத்திட்டாங்க. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, பிரிச்சா அறுந்துடும்" என்பாள். உட்கார்ந்தால் இடுப்பில் நெருப்பு. தொடையில் சுடுதண்ணீர் வழிகிறதென்று உடுப்பைத் தடவிப் பார்ப்பாள், காய்ந்துதான் இருக்கும். மரத்தது முழங்காலைத் தாண்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், ஒருநாள் தள்ளினாலும் நடை போய்விடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் பக்கம் மூத்தவர்களைக் கண்டால் பெண்கள் மண்டியிட்டுத்தான் நலம் விசாரிக்க வேண்டும். இவள் இரண்டு மாதமாக நின்றபடியே கேட்கிறாள். "மகளுக்குப் பெரிய இடம் வந்ததும் முழங்காலுக்கும் கஞ்சி போட்டுட்டா" என்று சந்தையே சிரிக்கிறது.

"திமிர்னே சொல்லட்டும்டி. நோயாளின்னா சம்பந்தம் நிக்காது" என்பாள்.

வரும் சனிக்கிழமை மகள் கிசாக்யேவுக்குக் குவஞ்சுலா. மாப்பிள்ளை வீட்டார் ஊர்வலமாக வந்து பெண் கேட்கும் நாள். அத்தனை பேர் முன்னாலும் இவள் மண்டியிட்டாக வேண்டும்.

நேற்று மாப்பிள்ளையின் அத்தை கோமேசி வாங்க வந்துவிட்டார். வேறு வழியில்லை. நலுமன்சி மேசையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள். வீடு, பிள்ளைகள், வாழைத்தோட்டம், மழை என்று எங்கள் விசாரிப்பு லேசில் முடியாது. முடிந்தபோது அவளால் எழ முடியவில்லை. கைகொடுக்க நான் எழுந்தேன். அவளோ, "இருங்க பெரியம்மா, உங்க உடுப்பு ஓரம் இறங்கியிருக்கு" என்று தரையிலிருந்தபடியே ஊசி குத்தத் தொடங்கினாள்.

"மண்டி போட்டே வேலை பாக்குறா பாரு. திமிர் புடிச்சவன்னு எந்த வாய் சொன்னுச்சு?" என்று பூரித்துப்போய்க் கிளம்பினார் அத்தை.

"எழுந்திரு அக்கா."

"கால் எங்க இருக்குன்னே தெரியலையேடி."

அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, பெஞ்சில் உட்கார வைத்தேன். அவள் குண்டூசியை என் கையில் திணித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்குப் பயமா இருக்கு. நீ குத்து. காலையில போட்ட கோட்டுக்கு மேல."

குத்தினேன். இன்னும் மேலே குத்தினேன். முழங்காலுக்கு மேல் மூன்றாவது முறையும் குத்தினேன்.

"ஆரம்பிக்கலாம்டி" என்றாள்.

குண்டூசியை மேசைமேல் வைத்தேன். கண்ணைத் திறக்காமலே அவள் கை தொடைவரை தடவிப் போனது. ஈரமான ரத்தப் பொட்டில் விரல் நின்றது. விரலை உடுப்பில் துடைத்துக்கொண்டு, சாக்குக்கட்டியைத் தேடி எடுத்து, முழங்காலுக்கு மேலே அழுத்தி ஒரு கோடு போட்டாள்.