சங்கத்துக் கோட்டின் முதுகு

எங்கள் சேவா சங்கத்துக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் இருந்த ஒரே சொத்து ஒரு கறுப்புக் கோட்டு. படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பையன்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது, பாடப்புத்தகம் இரவல் வாங்கிக் கொடுப்பது என்று சங்கம் பல காரியங்கள் செய்தாலும் ஊரில் பேர் வாங்கியது கோட்டுதான். எங்கள் ஊர் அப்போது திருவிதாங்கூர் ராஜ்யத்தில். திருவனந்தபுரத்தில் சர்க்கார் இன்டர்வியூ என்றால் கோட்டு வேண்டும். பையன்களுக்கு அதற்கு வழியில்லை. சங்கத்தில் ஒருவரான கோட்டாற்றுத் தையல்கார சாயபு, தையலுக்கு உள்ளே இரண்டு விரற்கடை துணி விட்டுத் தைத்திருந்தார். ஒல்லியன் போனால் பிடித்துத் தைப்பார். தடியன் போனால் பிரித்து விடுவார்.

கோட்டுக்குக் காவல் நான். என் யோக்கியதையைப் பார்த்துக் கொடுக்கவில்லை. என் பலசரக்குக் கடையில் மிளகும் சூடமும் இருப்பதால் பூச்சி அரிக்காது என்று கொடுத்தார்கள். பூச்சி அரிக்கவில்லை. நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அஞ்சுகிராமத்தில் மனைவி வழிக் கல்யாணம். போன கல்யாணத்தில் என் சகலை என் கசங்கின சட்டையைப் பார்த்து எல்லோர் முன்னாலும், "என்ன, கடையை அடைச்சிட்டு நேரே வாறியளாக்கும்?" என்று கேட்டிருந்தார். அது நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் ஒரு பையன் கோட்டை எடுத்துக்கொண்டு போகவேண்டும். தகப்பன் இல்லாத பையன். கீழே இரண்டு தங்கைகள். இரண்டு வருஷம் மனுப் போட்டு முதல்முதலாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவனுக்காகச் சாயபு கோட்டை நன்றாகப் பிடித்துத் தைத்து வைத்திருந்தார். மறுநாள்தானே என்று நான் அதற்குள் நுழைந்தேன். மூச்சை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டியிருந்தது.

பந்தியில் பிரதமன் பாயசம் வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. இலையில் ஊற்றிய பிரதமன் என் மடியைப் பார்த்து ஓடிவந்தது. பப்படத்தை நொறுக்கி அணை கட்டக் குனிந்தேன். முதுகில் 'டர்' என்றது. நாயன சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

கல்யாண வீட்டிலிருந்து பின்னோக்கியே நடந்து வெளியே வந்தேன், எல்லோருக்கும் கும்பிடு போட்டபடி. மாமனார் வழிப் பெரியவர் ஒருவர், "பாத்தியளா, முதுகு காட்டாமப் போறாரு. என்ன மரியாதை!" என்றார். சகலை முகம் வாடிப்போயிற்று. அந்த நிலையிலும் அது எனக்குக் கொஞ்சம் இனித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊருக்கு வந்து சாயபு கடைக்கு ஓடினால் பூட்டு. சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் தேங்காய்ப்பட்டணம் போயிருந்தார். வீட்டில் கறுப்பு நூல் இல்லை. மனைவி வெள்ளை நூலால் தைத்து, தையல்மேல் விளக்குக் கரியைத் தடவினாள்.

"குனிஞ்சாப் போச்சு, நிமிந்தாலும் போச்சு. அந்தப் பிள்ளைக்கு வேலை கிடைக்கல்லன்னா அவன் அம்மை மூஞ்சியில எப்படி முழிப்பியளோ?" என்றாள்.

மறுநாள் காலை பையன் வந்தான். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"மக்கா, பஸ்ஸுல போடாத, மடியில வச்சுக்கோ. உள்ள போனா ஆபீசர்மாருக்கு முதுகு காட்டப்பிடாது கேட்டியா? அரண்மனை வழக்கம். கும்பிட்டுட்டே பின்னால நடந்து வந்திரு."

"சரி அண்ணாச்சி" என்று பயபக்தியோடு கேட்டுக்கொண்டு போனான்.

அன்றைக்கு நான் கடையில் மல்லி கேட்டவருக்கு மிளகாயும் மிளகாய் கேட்டவருக்குச் சூடமும் கொடுத்தேன். பையன் வாசலில் தையல் விட்டு நிற்பது போலவும், உள்ளே இருந்தவர்கள் சிரிப்பது போலவும், அவன் அம்மை என் கடையை நோக்கி வருவது போலவும் மாறிமாறித் தோன்றியது. மத்தியானத்துக்கு மேல் கடையை அடைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், திருவனந்தபுரத்திலிருந்து தக்கலை வழியாக வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து நின்றேன்.

மூன்றாவது பஸ்ஸில் இறங்கினான். கோட்டு கையில்.

"ஏலே, கிழிஞ்சுதா?" இதுதான் நான் கேட்ட முதல் கேள்வி. வேலையைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

"கிழிஞ்சுது அண்ணாச்சி. கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லியாச்சு. பின்னால நடந்து வந்தேன், ஸ்டூல் தட்டி விழுந்துட்டேன். எந்திச்சா முதுகு ரெண்டா கெடக்கு. பெரிய ஆபீசர், 'ஏன் அப்படி நடந்தே'ன்னு கேட்டாரு. சங்கத்து அண்ணாச்சி சொல்லித் தந்தாவன்னேன். 'கோட்டு யாருக்குள்ளது'ன்னாரு. சங்கத்துக்குள்ளது, எனக்கு முன்ன ஏழு பேரு போட்டதுன்னேன். எல்லாரும் சிரிச்சாவ."

"பொறவு?" என்றேன்.

"'வேலைக்குச் சேர வரும்போ இது வேண்டாம். தச்சு அடுத்த ஆளுக்குக் குடுத்திரு'ன்னு சொன்னாரு."

புரிய இரண்டு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் பஸ் ஸ்டாண்டு என்றும் பாராமல் அவனைக் கட்டிப்பிடித்தேன். அவன் என் காதில், "அண்ணாச்சி, கோட்டு கையில பிரதமன் ஒட்டியிருக்கு. நான் சொல்லல்ல" என்றான்.

அவன் சொல்லவில்லை என்பதால்தான் நான் சொல்லவேண்டியதாயிற்று. அடுத்த கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சங்கத் தலைவர் வெகுநேரம் சிரித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: இனிமேல் கோட்டு, அது அளவு சேராத ஆளிடம்தான் இருக்கவேண்டும். சங்கத்திலேயே பெரிய தொந்திக்காரரான அரிசிக்கடைக்காரரிடம் அதை ஒப்படைத்தார்கள். அவருக்கு ஒரு கைகூட நுழையாது. கூடவே ஒரு பொட்டலம் மிளகும் சூடமும் கொடுத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு, எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி வீட்டுக்கு நடந்தேன்.